அருவிக்கு அப்பால்: தென்காசி, குற்றாலம் என்னும் ஒரே கலைவெளி



இங்கிலாந்துக்குச் சென்று வருகிற நம்மவர்கள் லண்டனைப் பற்றிப் பேசுவதைவிட அந்நாட்டு நாட்டுப்புறத்தைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். ஏரி மாவட்டத்தின் மலைகள், பழைய மாளிகைகளின் தோட்டங்கள், கவிஞர்கள் வாழ்ந்த சிறு வீடுகள், கிராமத்துத் தேவாலயங்கள் எல்லாவற்றையும் அடுக்கிச் சொல்லிவிட்டு, ‘எவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்கள்’ என்று முடிக்கிறார்கள். மலையும் தண்ணீரும் பசுமையும் நமக்கும் குறைவில்லை. அவர்கள் கோடையில் பார்க்கும் பசுமையை நாம் ஆனி, ஆடிச் சாரலில் பார்க்கிறோம். அப்படியிருக்க, அங்கே காண்கிற பராமரிப்புக்கு அடிப்படை எது, அது இங்கே ஏன் கைகூடவில்லை என்று கேட்க வேண்டியிருக்கிறது. என் விடை இதுதான்: மலை, தோட்டம், கலை, இலக்கியம் ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிற மக்களே ஓர் ஊரைக் காப்பாற்றுகிறார்கள். தென்காசியும் குற்றாலமும் அப்படிச் சேர்த்துப் பார்க்கப்பட்ட ஊர்கள். அந்தப் பார்வை நம்மிடம் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கனிந்திருந்தது. இடையில் அதை நழுவவிட்டோம். அருவியை மட்டும் கையில் வைத்துக்கொண்டோம். இதைச் சான்றுகளோடு விளக்குவதே இன்றைய என் நோக்கம்.

முதலில் இங்கிலாந்தின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஏரி மாவட்டத்து மலைகள் எப்போதும் அங்கே இருந்தவைதாம். அவற்றைக் காண மக்கள் திரண்டதற்கு ஓவியர்களும் கவிஞர்களுமே பெரிய காரணம். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் கவிதையோடு நிற்காமல் அந்தப் பகுதிக்கு ஒரு வழிகாட்டி நூலும் எழுதினார். கிராஸ்மியரில் அவர் குடியிருந்த சிறு வீடு 1891 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹண்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி ஆகிய மூவரும் 1895இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் அமைப்பைத் தொடங்கினார்கள். 1902இல் ஏரிக்கரை நிலமொன்று விலைக்கு வந்தபோது அந்த அமைப்பு மக்களிடம் கையேந்தி 6,500 பவுண்டு திரட்டி அதை வாங்கியது. தொழிற்சாலைத் தொழிலாளர்களும் தங்களால் இயன்ற சிறு தொகையை அனுப்பினார்கள். 1907இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், அந்த அமைப்பின் சொத்துகளை ‘விற்கக்கூடாதவை’ என்று அறிவிக்கும் அதிகாரத்தை அதற்குத் தந்தது. 1927இல் 609 தனியார் தோட்டங்கள் ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. வசூலான பணம் மாவட்டச் செவிலியர் நலனுக்குப் போனது. 2017இல் யுனெஸ்கோ ஏரி மாவட்டத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது அதைப் ‘பண்பாட்டு நிலவெளி’ என்ற வகையிலேயே சேர்த்தது. உழவும் ஆடு மேய்ப்பும் கவிதையும் தோட்டமும் சேர்ந்து உருவாக்கிய நிலம் என்பது அந்த ஏற்பின் பொருள். கவிதை முதலில் வந்தது, மக்களின் பற்று அடுத்து வந்தது, சட்டமும் பணமும் கடைசியாக வந்தன. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

மதுரையை இழந்த பாண்டியர்கள் தென்காசியைத் தங்கள் இருக்கையாக்கிக்கொண்டார்கள். அரசு சுருங்கிய காலத்தில் அவர்கள் கோட்டைகளைவிடக் கலையிலும் தமிழிலும் மனம் வைத்தார்கள் என்பது இந்த ஊரின் தனிச்சிறப்பு. பராக்கிரம பாண்டியன் 1446இல் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினான். 1457இல் இராசகோபுரப் பணியைத் தொடங்கினான். அது முடியுமுன் அவன் காலம் முடிந்தது. தம்பி குலசேகரன் அதை நிறைவேற்றினான். அதே மரபில் வந்த அதிவீரராம பாண்டியர் நைடதமும் வெற்றிவேற்கையும் பாடினார். கோபுரத்தைக் கடந்து உள்ளே நுழைந்ததும் வருகிற மண்டபத்தில் சற்று நின்று பாருங்கள். வீரபத்திரர், தாண்டவமூர்த்தி, இரதி, மன்மதன் என்று ஆளுயரத்துக்கும் மேலான உருவங்கள் தூணோடு தூணாக ஒரே கல்லில் எழுந்து நிற்கின்றன. வீரபத்திரரின் சினம் தெறிக்கும் கண்ணும் இரதியின் மெல்லிய இடைவளைவும் ஒரே ஊர்ச் சிற்பிகளின் உளியில் பிறந்தவை. மேற்கிலிருந்து கணவாய் வழியாக வருகிற காற்று கோபுர வாசலில் நம் மேல் பலமாக வீசும். அந்தக் காற்றைத் தாண்டி உள்ளே போகிறவர்களில் எத்தனை பேர் தூண்களின் முன்னே நிற்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

இந்தக் கோயிலில் பராக்கிரம பாண்டியன் பெயரில் கல்லில் பொறிக்கப்பட்ட பாடல்கள் உண்டு. பின்னாளில் இந்தக் கோயிலில் ஏதேனும் குறை நேர்ந்தால் அதைச் சீர்செய்து காப்பவர்களின் அடியில் தான் பணிவதாக அந்த மன்னன் அவற்றில் சொல்லியிருக்கிறான். ஓர் அரசன், இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத மனிதர்களை இப்படி வணங்கியது நெஞ்சைத் தொடும் செய்தி. தான் கட்டியது தன் காலத்தோடு நிற்காது, பார்த்துக்கொள்ளும் கைகள் தலைமுறைதோறும் வேண்டும் என்பதை அவன் அறிந்திருந்தான். அவன் அஞ்சியது நடக்கவும் செய்தது. கோபுரம் பிளந்து சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. ஒன்பது நிலைகளோடு அது மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது 1990இல். இன்று தொலைவிலிருந்து நாம் காணும் கோபுரம் அந்த மன்னன் வணங்கிய கைகள் கட்டியது. நேஷனல் டிரஸ்ட் 1907இல் சட்டமாகப் பெற்ற எண்ணத்தின் உயிர், நான்கரை நூற்றாண்டுகளுக்கு முன்பே தென்காசிக் கல்லில் இருக்கிறது.

குற்றாலத்துக்கு வருவோம். திருஞானசம்பந்தர் இத்தலத்துக்கு இரண்டு பதிகங்கள் பாடியிருக்கிறார். ஒன்று குற்றாலத்துக்கு, மற்றொன்று இங்குள்ள தலமரமான குறும்பலாவின் பெயரில் அமைந்தது. ஒரு மரத்தின் பெயரால் தனிப் பதிகம் எழுந்த தலம் இது. வேரும் கிளையும் கனியும் வழிபாட்டுக்கு உரியவை என்று இந்த மண் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஏற்றுக்கொண்டது. சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயில் பேரருவியின் இரைச்சல் கேட்கிற தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து சற்றுத் தள்ளி, தெப்பக்குளத்தின் எதிரே, ஆடவல்லானின் ஐந்து சபைகளுள் ஒன்றான சித்திர சபை இருக்கிறது. திருவாலங்காட்டில் இரத்தினம், தில்லையில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், இங்கே ஓவியம். மற்றத் தலங்களில் நாம் பெரும்பாலும் செப்புத்திருமேனியாகக் காணும் நடராசர் இங்கே சுவரில் வண்ணமாக எழுந்தருளியிருக்கிறார். சுற்றுச் சுவர்களில் திருவிளையாடற் காட்சிகளும் பைரவ வடிவங்களும் வரிசை வரிசையாக வருகின்றன. வெளியே குளத்து நீரில் பட்ட ஒளி உள்ளே எட்டும்போது சுவரின் செம்மண் நிறமும் பச்சையும் மெல்லப் பிரிந்து தெரியத் தொடங்கும். கண் அந்த அரையிருளுக்குப் பழகச் சற்று நேரம் பிடிக்கும். அவசரமாக எட்டிப் பார்த்துத் திரும்புகிறவருக்கு அங்கே ஒன்றும் தெரியாது. பொறுத்து நிற்பவருக்கு மட்டுமே அந்தச் சுவர் தன்னைக் காட்டும்.

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சிதான் என் வாதத்துக்கு நடுநாயகமான சான்று. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள மேலகரம் அவர் ஊர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் அந்த நூலுக்காக அவருக்கு நிலம் வழங்கினார். அந்த நிலம் குறவஞ்சி மேடு என்றே பெயர் பெற்றது. குற்றாலநாதரின் உலாவும் வசந்தவல்லியின் காதலும் குறத்தி சொல்லும் குறியும் கதைக்கு எலும்புக்கூடு. அதன் தசையும் குருதியும் இந்த நிலம்தான். குறத்தி தன் மலையைச் சொல்லும்போது அருவியும் மரமும் விலங்கும் தேனும் கிழங்கும் வருகின்றன. அவள் கணவன் சிங்கன் பறவை பிடிக்க வரும்போது பறவைகளின் பெயர்களும் அவை மேய்கிற வயல்களின், குளங்களின் பெயர்களும் வரிசையாக வருகின்றன. மலை வளம், ஊர், கோயில், வயல், பறவை, உழைக்கும் மக்கள் ஆகிய அனைத்தையும் ஒரே நூலில் ஒரே இசையில் கட்டியவர் கவிராயர். வேர்ட்ஸ்வொர்த்தின் வழிகாட்டி நூல் வெளிவருவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் முன்பே குற்றாலத்துக்கு இப்படியொரு வழிகாட்டி கிடைத்துவிட்டது. அதை நாம் தேர்வுக்குப் படித்துவிட்டு மூடி வைத்தோம். இருபதாம் நூற்றாண்டில் அதை மறுபடியும் திறந்து காட்டியவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். கம்பனையும் குறவஞ்சியையும் வாய்விட்டுப் படித்துச் சுவைக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். 1954இல் மறையும் வரை தம் கடைசி ஆண்டுகளைக் குற்றாலத்திலேயே கழித்தார். இராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்து தமிழ் கேட்டார்கள். சாரலும் தமிழும் நல்ல விருந்தும் ஒன்றாகக் கிடைத்த அந்த வீட்டுக்கு, கிராஸ்மியரின் வீட்டுக்கு உள்ள தகுதி முழுமையாக உண்டு.

தோட்டத்தின் கதையும் இதே ஊரில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் குற்றாலத்தில் நறுமணப் பயிர்த் தோட்டம் போடப்பட்டு ஜாதிக்காயும் கிராம்பும் பட்டையும் வளர்க்கப்பட்டன. இன்றும் சீசனில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும் இங்கே கடைகளில் குவிகின்றன. தோட்டக்கலைத் துறையின் பழத்தோட்டமும் ஐந்தருவிப் பக்கத்துச் சூழல் பூங்காவும் இருக்கின்றன. இவற்றைவிட அரியதொரு வரலாறு உண்டு. கம்பெனி மருத்துவரும் தாவரவியல் அறிஞருமான ராபர்ட் வைட் 1830களின் நடுவில் குற்றால மலைகளில் ஏராளமான செடிகொடிகளைத் திரட்டினார். அவருக்காகப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் தென்னிந்திய ஓவியர்கள். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வந்த அவருடைய பெருநூலில் 2,101 படங்கள் உள்ளன. கோவிந்துவின் கைத்திறனை மதித்து ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு அவர் பெயரையே வைட் சூட்டினார். பணி முடிந்து திரும்பிய வைட், இங்கிலாந்து நாட்டுப்புறத்தில், ரெடிங் நகருக்கு அருகே கிரேஸ்லி என்னும் ஊரில் நிலம் வாங்கி வாழ்ந்து 1872இல் மறைந்தார். அந்த ஓவியர்களின் மூலப்படங்கள் எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் பேணப்பட்டு, அங்கே ஆராயப்பட்டு நூலாகவும் வந்திருக்கின்றன. தென்னாட்டு மலைச் செடிகளைத் தென்னாட்டு ஓவியர்கள் தீட்டிய படங்களை இன்று பனிதேசத்தில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவற்றின் நல்ல அச்சுப்படிகளையாவது இந்த ஊரில் ஒரு கூடத்தில் வைத்தால், மலையேறும் மாணவனுக்கு எதிரே நிற்கும் செடியின் பெயர் தெரியும். அதை வரைந்தவரின் பெயரும் தெரியும்.

ஆக, சுமார் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் சிற்பம், ஓவியம், பதிகம், சிற்றிலக்கியம், தாவரவியல், தோட்டம் எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. இல்லாதது இவற்றை இணைக்கும் இழை. கோயில்கள் அறநிலையத் துறையின் பொறுப்பு, மலை வனத்துறையின் பொறுப்பு, தோட்டங்கள் தோட்டக்கலைத் துறையின் பொறுப்பு, குற்றாலத்து அகழ்வைப்பகம் தொல்லியல் துறையின் பொறுப்பு, அருவிக்கரையும் கழிவுநீரும் பேரூராட்சியின் பொறுப்பு. ஒவ்வொரு துறையும் தன் எல்லைக்குள் பணி செய்கிறது. எல்லைகளுக்கு இடையில் விழுவதை எடுப்பாரில்லை. பேருந்தில் வந்திறங்கும் குடும்பம் அருவியில் குளிக்கிறது, சிப்ஸும் பழமும் வாங்குகிறது, பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புகிறது. அந்தக் குடும்பத்தின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. தெப்பக்குளத்து எதிரே இருக்கும் சித்திர சபையைப் பற்றி யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதல் மறுப்பு, குற்றாலம் எளிய மக்களின் மகிழ்ச்சிக்கான இடம், அங்கே கலை, இலக்கியம் என்று பாடம் நடத்தத் தேவையில்லை என்பது. குளிப்பதன் மேன்மையை நான் சிறிதும் குறைக்கவில்லை. பொங்குமாகடல் என்னும் பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்து மனிதர் தலைமேல் இறங்குகிற பேரருவி, சாதியும் பணமும் பாராமல் எல்லோரையும் ஒன்றாக நனைக்கிறது. அதைவிடப் பெரிய பொதுச்சொத்து வேறு எங்கே இருக்கிறது? ஆனால், கலையும் தமிழும் எளிய மக்களுக்கு எட்டாதவை என்று நினைப்பதுதான் உண்மையில் அவர்களைக் குறைத்து மதிப்பது. குறவஞ்சியில் குறத்தியும் சிங்கனும் பேசுகிற மொழி உழைக்கும் மக்களின் மொழி. கோயில் தூண்களைச் செதுக்கியவர்களும் உழைக்கும் மக்களே. பழத்தோட்டத்து அருவிக்கு ‘விஐபி அருவி’ என்ற பெயர் வந்ததை எண்ணிப் பாருங்கள். சிலருக்கென ஒதுக்குவது நம் பழக்கத்தில் எவ்வளவு எளிதாக நுழைந்துவிடுகிறது! கலையையும் அப்படிப் படித்தவர்களுக்கென ஒதுக்கிவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

இரண்டாவது மறுப்பு, கோயில் வழிபாட்டுக்குரிய இடம், அதைக் காட்சிக்கூடமாக்கக் கூடாது என்பது. இந்த அச்சம் மதிக்கத்தக்கது. எனினும் சித்திர சபையே இதற்கு விடை சொல்கிறது. அங்கே ஓவியந்தான் மூர்த்தி. வண்ணம் உதிர்ந்தால் உதிர்வது இறைவன் திருவுருவம். ஈரம் கசியும் சுவரை முறையறிந்த வல்லுநரைக் கொண்டு பேணுவதும், விளக்குப்புகை படியாமல் பார்த்துக்கொள்வதும், சுவரோவியம் அறியாதவர் கையில் புதுச்சாயம் கொடுக்காமல் இருப்பதும் வழிபாட்டின் பகுதிகளே. சிற்பத்தை உற்றுப் பார்க்கும் கண் பக்தி குறைந்த கண் ஆகாது. அதைச் செதுக்கியவன் அப்படிப் பார்க்கப்படவே செதுக்கினான்.

மூன்றாவது மறுப்பு வரலாற்றிலிருந்து வருகிறது. இங்கிலாந்தின் மாளிகைகளும் தோட்டங்களும் யாருடைய செல்வத்தில் எழுந்தவை, அவர்களை நாம் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாமா என்பது அது. கேள்வி நியாயமானது. நேஷனல் டிரஸ்ட்டே 2020இல் வெளியிட்ட அறிக்கையில், தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்குக் காலனி ஆட்சியோடும் அடிமை வணிகத்தோடும் தொடர்பிருப்பதை ஒப்புக்கொண்டது. அங்கே அதற்குப் பெரும் எதிர்ப்பும் எழுந்தது. குற்றாலத்தின் நறுமணத் தோட்டமும் கம்பெனி இலாபத்துக்காகப் போடப்பட்டதே. எனவே அந்த மாளிகைகளின் மேல் நான் ஆசைப்படவில்லை. தொழிலாளியின் சிறுகாசிலும் சேர்ந்த 1902ஆம் ஆண்டின் அந்த நிலத்தைத்தான் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். பொதுச்சொத்தைப் பொதுமக்களே தாங்கும் அந்த வழக்கம் நமக்கு அந்நியமானதன்று. அணையா விளக்குக்கு ஆடு கொடுத்தவர்களையும் நந்தவனத்துக்கு நிலம் எழுதியவர்களையும் நம் கல்வெட்டுகள் ஊர்தோறும் குறித்து வைத்திருக்கின்றன.

நான்காவது மறுப்பே எல்லாவற்றிலும் வலியது. ஏற்கெனவே கூட்டத்தில் மூச்சுத் திணறும் குற்றாலத்துக்கு இன்னும் ஆட்களை அழைக்கலாமா என்பது அது. எண்ணெயும் சோப்பும் ஷாம்பூவும் அருவியில் கூடாதென உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதிக்க வேண்டி வந்த ஊர் இது. இங்கிலாந்தின் ஏரி மாவட்டமும் கார் நெரிசலால் அவதிப்படுகிறது. ஆகவே என் கோரிக்கை கூட்டத்தைப் பெருக்குவதில் இல்லை. சீசனில் பேரருவியின் கீழே குவிகிற கூட்டத்தில் ஒரு பகுதி சித்திர சபைக்கும் அகழ்வைப்பகத்துக்கும் அருகிலுள்ள இலஞ்சிக்கும் தென்காசிக்கும் பிரிந்து போனால் அருவிக்கரை இளைப்பாறும். தண்ணீர் வற்றிய மாதங்களிலும் வருபவர்கள் இருந்தால், சில மாத வருமானத்தை நம்பியிருக்கும் கடைக்காரருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் ஆண்டு முழுவதும் பிழைப்பு நடக்கும். தண்ணீரை மட்டும் விற்கும் ஊர் தண்ணீரோடு வாடும். கலையையும் தமிழையும் கொண்ட ஊருக்குப் பன்னிரண்டு மாதமும் சீசன்தான்.

செய்ய வேண்டியவை கைக்கெட்டாதவை அல்ல. தென்காசிக் கோயிலிலிருந்து மேலகரம், இலஞ்சி வழியாகச் சித்திர சபை வரை நிழல்மரங்களோடு ஒரு நடைவழி வேண்டும். அதன் ஓரங்களில் கவிராயரின் பாடல்களும் மரங்களின் தமிழ்ப் பெயர்களும் நிற்க வேண்டும். ஆண்டுதோறும் நடக்கும் சாரல் விழாவில் ஒரு மாலையாவது குறவஞ்சிக்கு உரியதாக வேண்டும்; அதை நம் மாவட்டப் பள்ளிப் பிள்ளைகளே ஆடவேண்டும். ரங்கையா, கோவிந்துவின் படங்களுக்கு அச்சுப்படிகளாவது இங்கே ஒரு கூடத்தில் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, துறைகள் ஐந்தும் ஒரே மேசையில் அமரும் ஒரு குழு, ஊர்க்காரர்களும் தமிழாசிரியர்களும் இடம்பெறுவதாக அமைய வேண்டும். தென்காசி 2019இல் தனி மாவட்டமான பிறகு, இதைக் கேட்கவும் செய்யவும் ஆட்சியர் அலுவலகம் நம் ஊரிலேயே இருக்கிறது.

மாணவச் செல்வங்களே, இந்தப் பொறுப்பு அரசுக்கு முன் உங்களிடம் வருகிறது. விடுமுறையில் உங்கள் வீட்டுக்கு வருகிற உறவினரை அருவிக்கு அழைத்துச் செல்லுங்கள். அதே நாளில் சித்திர சபைக்கும் அழைத்துச் செல்லுங்கள். குறவஞ்சியை மனப்பாடப் பகுதியோடு நிறுத்தாமல் முழுவதும் படியுங்கள். அதில் வரும் குளமும் வயலும் இன்று எங்கே, எந்த நிலையில் இருக்கின்றன என்று தேடிக் குறித்து வையுங்கள். பராக்கிரம பாண்டியன் வணங்கிய மக்கள் நாம். அந்த வணக்கத்துக்கு உரியவர்களாக நடந்துகொள்ளுங்கள்.